சிறிய கல்லூரியில் வீரர்களுக்கான விளம்பரப் பணத்தை எந்த விளையாட்டுக்கு எவ்வளவு பிரிப்பது?

ஓடுதளம் (கேள்வி):

அமெரிக்காவில் ஒரு சிறிய தனியார் கல்லூரியின் விளையாட்டு ஆலோசனைக் குழுவில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் கல்லூரி, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஆடுகிறது. அமெரிக்க ஃபுட்பால் அணி கிடையாது. 16 விளையாட்டுகள், சுமார் 300 வீரர்கள். அவர்களில் பாதிக்கும் சற்று மேல் பெண்கள். வீரர்கள் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்ததிலிருந்து, வீரர்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்காகக் கல்லூரியே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க முடிகிறது. எங்கள் நிர்வாகமும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி கொடுக்கக்கூடிய உச்சவரம்பு ஏறக்குறைய 2.05 கோடி டாலர். எங்களிடம் இருப்பதோ, பழைய மாணவர்களின் நன்கொடையையும் சேர்த்து, 4 லட்சம் டாலர்.

பெரிய பல்கலைக்கழகங்கள் பல, ஃபுட்பாலுக்கு 75 விழுக்காடு, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 5 என்ற கணக்கையொட்டியே பிரிக்கின்றன. எங்களுக்கு ஃபுட்பால் இல்லாததால் அந்தப் பங்கையும் ஆண்கள் கூடைப்பந்துக்கே கொடுத்துவிடலாம் என்று குழுவில் ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. அப்படிச் செய்தால் பதினைந்து பேருக்கு 3,60,000 டாலர் போகும். மீதமுள்ள 285 பேருக்கு 40,000 டாலர் மிஞ்சும். இதை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் மனம் ஏற்கவில்லை என்பது கூட்டத்தில் வைக்கக்கூடிய வாதம் அல்ல என்பதால் இங்கே கேட்கிறேன். இந்தத் துறையை அறிந்தவர்கள் எந்த அடிப்படையில் பிரிப்பீர்கள்?

மூன்றுபுள்ளி:

முன்மொழிவை முற்றிலும் தவறு என்று தள்ளிவிட வேண்டாம், நண்பரே. 2022 மார்ச்சில், நாடு தழுவிய ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியில், செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம் பதினாறு தரநிலைகளில் பதினைந்தாம் நிலை அணியாக வந்து கென்டக்கியை வீழ்த்தி, கடைசி எட்டு அணிகளுக்குள் நுழைந்தது. அந்த நிலையிலிருந்து அவ்வளவு தூரம் சென்ற முதல் அணி அது. மறு ஆண்டு ஃபேர்லி டிக்கின்சன், பதினாறாம் நிலையிலிருந்து பர்டியூவைத் தோற்கடித்தது. அதுவரை பெயரே கேள்விப்படாதவர்கள்கூட அந்த வாரத்தில் இந்தக் கல்லூரிகளைத் தேடிப் பார்த்தார்கள். ஒரு சிறிய கல்லூரியை நாடு முழுவதும் திரும்பிப் பார்க்கவைக்கும் வேறு வாசல் எனக்குத் தெரியவில்லை. 4 லட்சத்தைப் பதினாறு விளையாட்டுகளுக்கும் தூவினால் எந்த அணியும் ஓர் அங்குலம்கூட உயராது. இருக்கிற பணம் சிறியது என்பதாலேயே அதை ஓரிடத்தில் குவிக்க வேண்டும் என்பது என் கருத்து.

விதிப்புத்தகம்:

ஒரு கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 75-15-5-5 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தங்கள் குழு அறிந்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் ஆடிய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் வழங்கப்படவிருக்கும் சுமார் 280 கோடி டாலர் இழப்பீட்டைப் பிரிப்பதற்காக உருவாக்கப்பட்ட சூத்திரம் அது. மிகப்பெரிய கான்ஃபரன்ஸ்களின், அதாவது கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்புகளின், தொலைக்காட்சி ஒப்பந்தங்களில் எந்த விளையாட்டுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதுதான் அதன் அடித்தளம். இனிமேல் கொடுக்கும் பணத்தை இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தொலைக்காட்சி வருமானம் ஏறத்தாழ இல்லாத ஒரு கல்லூரி, தொலைக்காட்சி வருமானத்தை வைத்துப் போடப்பட்ட கணக்கைக் கடன் வாங்குவதற்குக் காரணமே இல்லை.

அடுத்து, கூடைப்பந்துதான் பணம் கொண்டுவருகிறது என்ற நம்பிக்கை. மார்ச் போட்டியில் ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் (இறுதி ஆட்டம் நீங்கலாக) போட்டி வருமானத்தில் ஒரு யூனிட், அதாவது ஒரு பங்கு, கிடைக்கிறது. அதன் மதிப்பு ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். ஆனால் அந்தப் பணம் கல்லூரிக்கு நேராக வராமல் கான்ஃபரன்ஸுக்குப் போகிறது. பத்துக் கல்லூரிகள் அதைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால், முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறிய அணியின் கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 33,000 டாலர் கிடைக்கும். அந்த வாய்ப்பை நம்பி ஆண்டுதோறும் 3,60,000 டாலர் வைப்பது முதலீட்டுக் கணக்கில் நிற்காது. மூன்றுபுள்ளி சொன்ன புகழ் உண்மையானதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வெற்றிகளுக்குப் பிறகும் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். செயின்ட் பீட்டர்ஸ் பயிற்சியாளர் சில நாட்களிலேயே சீட்டன் ஹாலுக்குப் போனார். முக்கிய வீரர்கள் பலரும் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறினார்கள். ஃபேர்லி டிக்கின்சன் பயிற்சியாளர் அயோனாவுக்குச் சென்றார். 2024 முதல் படிப்பில் தகுதியோடு இருக்கும் வீரர் எத்தனை முறை வேண்டுமானாலும் காத்திருப்பின்றி மாறலாம் என்பதால், நாம் செதுக்கிய வீரரை அடுத்த ஆண்டு பெரிய கல்லூரி நம்முடைய மொத்த நிதியைவிடப் பெரிய தொகை கொடுத்து அழைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே கூடைப்பந்துக்குக் கொடுக்கும் பணத்தையும் ஒரே தவணையாகக் கொடுக்காமல், பாதியை வீரர் இரண்டாம் ஆண்டும் நம்மிடம் தொடரும்போது வழங்குவதாக ஒப்பந்தம் எழுதுங்கள்.

மூன்றாவதாக, கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்க 1972-இல் இயற்றப்பட்ட டைட்டில் ஒன்பது சட்டம். கல்லூரி கொடுக்கும் விளையாட்டு உதவித்தொகை, பங்கேற்கும் ஆண், பெண் எண்ணிக்கையின் விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது நீண்டகால விதி. வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கும் அது பொருந்தும் என்று கல்வித் துறை 2025 ஜனவரியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆட்சி மாறிய பிறகு பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வழிகாட்டுதல் போய்விட்டதே தவிரச் சட்டம் அப்படியே இருக்கிறது. பெண் வீரர்கள் சிலர் இதே காரணத்துக்காக உடன்பாட்டை எதிர்த்து மேல்முறையீடும் செய்தார்கள். பெரிய பல்கலைக்கழகம் ஒரு வழக்கைத் தாங்கிக்கொள்ளும். 4 லட்சம் டாலர் நிதி வைத்திருக்கும் கல்லூரிக்கு வழக்கறிஞர் கட்டணமே அந்த நிதியை விழுங்கிவிடும்.

நெடுந்தூரம்:

என் மகள் ஒரு சிறிய கல்லூரியில் நெடுந்தூர ஓட்டக்காரி. அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன், ஐயா.

வீரரும் ஒரு நிறுவனமும் தாங்களே பேசி முடித்த விளம்பர ஒப்பந்தத்தில் கல்லூரிக்குப் பிரிக்கும் வேலையே இல்லை. 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தம் என்றால் அதை என்.ஐ.எல். கோ என்ற தளத்தில் தெரிவித்துப் பரிசீலனைக்கு உட்படுத்த வேண்டும். இந்த வகைப் பணம் பெரிய கல்லூரிகளுக்கு மட்டும் உரியதும் அல்ல: 2021 ஜூலை 1 அன்று வீரர்கள் விளம்பரப் பணம் பெற அனுமதி தொடங்கிய அதே நாளில் பெரிய ஒப்பந்தம் பெற்றவர்களில் கேவிண்டர் இரட்டையர் இருந்தார்கள், அப்போது அவர்கள் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே 4 லட்சத்தில் ஒரு சிறு பகுதியை, ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் சிறு வணிகங்களிடம் பேசவும் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் உதவக்கூடிய ஒருவரை அமர்த்தச் செலவிடுங்கள். என் மகளுக்கு வந்த முதல் ஒப்பந்தத்தில் அவளுடைய படங்களைக் காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையை எழுதியிருந்தார்கள். அதைச் சுட்டிக்காட்ட அவள் கல்லூரியில் ஒருவரும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வெளிநாட்டு மாணவர்களை மறக்க வேண்டாம். சிறிய கல்லூரிகளின் டென்னிஸ், சாக்கர் அணிகளில் அவர்கள் அதிகம். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு இத்தகைய வருமானம் விசாவுக்கே ஆபத்தாக முடியலாம். அவர்களுக்கான பங்கைக் கல்வி உதவித்தொகையாக மாற்றிக் கொடுப்பதே பாதுகாப்பானது.

பேரேடு:

கணக்காளன் என்ற முறையில் ஒன்று மட்டும். முன்மொழிவுக்கு எதிர்வினையாக அனைவருக்கும் சமமாகக் கொடுக்கலாம் என்ற யோசனை எழும். அதையும் நான் எதிர்க்கிறேன். 300 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,333 டாலர். இத்தகைய பணம் பொதுவாகச் சுயதொழில் வருமானமாகக் கருதப்படுவதால், நிகர வருமானம் 400 டாலரைத் தாண்டினாலே சுயதொழில் வரி உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கப்படும் கல்வி உதவியும் இதனால் குறையக்கூடும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கையில் கொடுத்து மறு கையில் எடுப்பதாகிவிடும்.

இதைவிட, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2021-ஆம் ஆண்டு ஆல்ஸ்டன் தீர்ப்பு அனுமதித்த கல்வி ஊக்கத்தொகையைப் பாருங்கள். ஒரு வீரருக்கு ஆண்டுக்கு 5,980 டாலர் வரை கொடுக்கலாம். படிப்பில் தகுதி பெற்ற எந்த விளையாட்டு வீரருக்கும் ஒரே அளவுகோலில் அதை வழங்க முடியும்.

ஓடுதளம்:

அனைவருக்கும் நன்றி. கூட்டத்தில் நான் வைக்கப்போவது இதுதான்: 1,60,000 டாலர் ஆண்கள், பெண்கள் இரு கூடைப்பந்து அணிகளுக்கும் சமமாக, இரண்டு தவணைகளில், 1,80,000 டாலர் எல்லா விளையாட்டுகளுக்கும் திறந்த கல்வி ஊக்கத்தொகையாக, மீதி 60,000 டாலர் ஒப்பந்தங்களில் உதவும் பணியாளருக்கும் வெளிநாட்டு மாணவர்களின் உதவித்தொகைக்கும். மூன்றுபுள்ளி அவர்களே, இதில் ஆண்கள் அணிக்கு 80,000 டாலர்தான் வருகிறது. தங்களுக்கு இது போதாது என்று தோன்றும் என அறிவேன்.

மூன்றுபுள்ளி:

போதாதுதான். ஆனால் யூனிட் கணக்கை நான் இப்படிப் போட்டுப் பார்த்ததில்லை. முழு 20 லட்சமும் கல்லூரிக்கே வருவதாக நினைத்திருந்தேன். கூட்டத்தில் ஒரு திருத்தம் மட்டும் கேளுங்கள்: மார்ச் போட்டிக்குத் தகுதி பெற்று யூனிட் பணம் வரும் ஆண்டுகளில், கல்லூரிக்கு வரும் பங்கில் ஒரு பகுதி அதை ஈட்டிய அணிக்குத் திரும்பட்டும். பெண்கள் போட்டிக்கும் 2025 முதல் யூனிட் வழங்கப்படுவதால், இரு அணிகளுக்கும் ஒரே விதியாக அதை எழுதலாம்.