இரண்டடித் தொட்டியும் ஐந்து லிட்டர் தண்ணீரும்

கடல்நீர்த் தொட்டி எந்த அளவில் வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு என் முதல் தொட்டியின் கதை. நல்லதண்ணீர் மீன் ஏழெட்டு வருடம் வளர்த்த தைரியம் எனக்கு. சின்னதில் கை பழகிக்கொள்ளலாம் என்று இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒன்று எடுத்தேன். கணக்குப்படி 56 லிட்டர். மணலும் பாறையும் போட்டு, மேலே இரண்டு விரல் இடம் விட்ட பிறகு உள்ளே நின்றது 43 லிட்டர்தான். அளந்து ஊற்றியதால் தெரியும்.

ஒன்றரை மாதம் பொறுத்து, மீனுக்கு விஷமான அம்மோனியா பூஜ்யம் காட்டிய பிறகே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். அப்புறம் ஒரு இறால், இரண்டு நத்தை. நன்றாகத்தான் போனது. ஒருமுறை நான்கு நாள் வெளியூர் போய்த் திரும்பினால், கண்ணாடி விளிம்பெல்லாம் உப்புப் பொருக்கு. பம்ப் பாதி வெளியே தெரிய, கரகரவென்று காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கிளம்பும்போது 1.025-இல் இருந்த கோடு 1.028-க்கு ஏறியிருந்தது. தண்ணீர் ஐந்து லிட்டர் ஆவியாகிப் போக, உப்பு மொத்தமும் உள்ளேயே தங்கிவிட்டது.

பதற்றத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். ஐந்து லிட்டர் ஆர்ஓ தண்ணீரையும் ஒரே மூச்சில் ஊற்றினேன், உப்பளவு சட்டென்று இறங்கியது. மீன்கள் தாங்கிக்கொண்டன, இறால் மறுநாள் காலை மல்லாந்து கிடந்தது. நத்தை ஒன்று பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. நாற்றமும் அம்மோனியாவும் சேர்ந்துதான் சொல்லின.

இப்போது மூன்றடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, 190 லிட்டர். வாய் அகலம் என்பதால் இதில் ஆவியாவதும் கூடத்தான், தினம் இரண்டு லிட்டருக்கு மேல் போகும். ஆனால் மணலும் பாறையும் போக உள்ளே நிற்கும் 150 லிட்டரில் இரண்டு போவதும் 43-இல் ஒன்றே கால் போவதும் ஒன்றா? ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் தொட்டி மன்னிக்கிறது.

—

அண்ணா, நான் நேர் எதிர்த்திசையில் போய் மாட்டிக்கொண்டவன். பெரியதே நல்லது என்று எல்லோரும் சொல்ல, முதலிலேயே நான்குக்கு இரண்டுக்கு இரண்டு. 450 லிட்டர். தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட அரை டன், கண்ணாடியும் பாறையும் தனி. தரை தாங்குமா என்று விசாரித்த நான், என் முதுகு தாங்குமா என்று யோசிக்கவில்லை.

வாரம் பத்து சதவீதம் மாற்றினால் 45 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு, அதை முதல்நாளே டிரம்மில் கலக்கி பம்ப் போட்டு ஓடவிட வேண்டும். மூன்றாவது மாதம் வாரம் ஒருமுறை மாதம் ஒருமுறை ஆனது, கண்ணாடியில் பாசி ஏறியது. இரண்டடி ஆழத்தில் விழுந்த பவளத் துண்டை எடுக்க, ஸ்டூல் மேல் ஏறி அக்குள் வரை கையை விட்டும் விரல் எட்டவில்லை. சட்டை நனைந்ததுதான் மிச்சம். மறுபடி வாங்கினால் நீளம் அதே நான்கு, அகலமும் உயரமும் ஒன்றரைதான். 255 லிட்டர் எனக்குத் தாராளம்.

—

லிட்டரை மட்டும் பார்க்காதீர்கள், நீளத்தையும் பாருங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய நீல டாங் அன்று தீப்பெட்டி அளவுகூட இல்லை. வளர்ந்தால் ஓரடி வரும் மீன் அது, நாள் முழுக்க நீந்தியே திரியும். என் மூன்றடித் தொட்டியில் நாலு வீச்சு வீசினால் சுவர். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அது அலைவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஆறடித் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். போன வாரம் போய்ப் பார்த்தேன், என் உள்ளங்கையைவிடப் பெரிதாகிவிட்டது. என் தொட்டியில் இப்போது கோமாளி ஜோடியும் கோபி என்ற சின்ன மீன் ஒன்றும் மட்டும்.