மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆண்கள்: டெண்டனிலும் கொலம்பஸிலும் கண்டவை

டெண்டனில் படித்தவர்:

அமெரிக்காவின் டெண்டன் நகரிலுள்ள டெக்சாஸ் மகளிர் பல்கலைக்கழகத்தில் செவிலியர் முதுகலை முடித்தவன் என்று சொன்னால் போதும், ஊரில் கல்யாணப் பந்தியில்கூட "பொம்பளைங்க காலேஜ்ல உனக்கு எப்படிப்பா சீட் கிடைச்சுது?" என்று கேட்டுவிடுவார்கள். 1901இல் பெண்களுக்கான தொழிற்கல்லூரியாகச் சட்டத்தின் வழியே உருவான அந்த அரசு நிறுவனம், 1972இல் சுகாதாரவியல் படிப்புகளிலும் 1994இல் எல்லாப் படிப்புகளிலும் ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. 1957இல் சூட்டிய பெயரை மட்டும் இன்றுவரை விடவில்லை.

வளாகத்தில் 1939இல் எழுப்பிய சிறிய தேவாலயம் ஒன்று உண்டு. அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை வடிவமைத்தவர்கள் மாணவியரே. ஆசிரியை, செவிலி, அறிவியலாளர் எனப் பணியில் இருக்கும் பெண்களே அவற்றில் நிறைந்திருப்பார்கள். செவிலியின் சன்னலை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பழைய மாணவி ஒருவர், வயதில் என் பாட்டியை ஒத்தவர், பேச்சுக் கொடுத்தார். ஆண்கள் வருவதை அவரும் எதிர்த்தாராம். மாணவர் பேரவைத் தலைமை முதல் நாடக மேடையில் திரை இழுப்பது வரை தாங்களே செய்து பழகிய இடத்தில், நாலு பையன்கள் வந்தாலே தலைமை தானாக அவர்கள் பக்கம் நழுவிவிடும் என்பதுதான் அவருடைய அச்சம்.

வகுப்பில் அப்படி நடக்கவில்லை. குழுப்பணியில் என்னை யாரும் முன்னே தள்ளவில்லை. ஆனால் மருத்துவமனைப் பயிற்சியில், ஒரே சீருடையில் நின்ற எங்களில் என்னை மட்டுமே நோயாளிகள் "டாக்டர்" என்று அழைத்தார்கள். என்னைவிடக் கெட்டிக்காரியான தோழி அருகிலேயே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அம்மாவின் அச்சத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

கொலம்பஸில் படித்தவர்:

அண்ணா, நான் படித்தது மிசிசிப்பி மகளிர் பல்கலைக்கழகத்தில். அங்கே ஆண்களுக்குக் கதவைத் திறந்ததே உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர்தான். செவிலியர் படிப்பில் இடம் மறுக்கப்பட்ட ஜோ ஹோகன் தொடுத்த வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் அந்த மன்றத்தின் முதல் பெண் நீதிபதி சான்ட்ரா டே ஓகானர். செவிலியர் வேலை பெண்களுடையது என்ற பழைய எண்ணத்தையே அந்தச் சேர்க்கை விதி வலுப்படுத்துகிறது என்றார்.

பெயர்ச் சண்டைதான் இன்னும் ஓயவில்லை. ‘மகளிர்’ என்பதை விட்டுப் புதுப் பெயர் வைக்க நிர்வாகம் முயன்றுகொண்டே இருந்தது. 2009இல் ரினோ என்றார்கள். 2024இல் பிரைட்வெல் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் விலக்கி, வின்பிரிட்ஜ் என்றார்கள், அதையும் நிறுத்திவைத்தார்கள். பள்ளி முடிக்கும் பையன்கள் பெயரைப் பார்த்தே விண்ணப்பிப்பதில்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். அது பொய்யில்லை, ஆயினும் 1884இல் அமெரிக்காவின் முதல் அரசு மகளிர் கல்லூரியாகப் பிறந்த இடத்துக்கு, எந்த ஊரிலும் ஒட்டக்கூடிய ஒரு பெயரா? எங்கள் வகுப்புப் பையன்கள், ‘விமன்’ என்பதன் முதல் எழுத்தைக் கொண்டு பல்கலைக்கழகத்தைச் செல்லமாக "தி டபிள்யூ" என்றே சொல்லி, அந்த எழுத்துப் போட்ட பனியனையே போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.