பெல் எபோக் வீட்டு செருப்பு அலமாரி: நாலு ரசிகர்களோட அரட்டை

கதவோரம்:
'ஹலோ, மை ட்வென்டீஸ்' 2016-ல வந்த கொரிய சீரியல்; ஜி வோன், உன்-ஜே, யே-உன், இ நா, ஜின் ம்யங்னு அஞ்சு பொண்ணுங்க 'பெல் எபோக்'ங்கிற வீட்டைப் பகிர்ந்து வாழ்ற கதை. பார்த்தவங்களுக்கு அந்த வீட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்ல, நேரா விஷயத்துக்கு வர்றேன். செருப்பு அலமாரில பேய் இருக்குன்னு ஜி வோன் அளந்து விடுவாளே, அந்த இடம். சும்மா சொன்ன பொய். ஆனா ஆளாளுக்குத் தன் பேயைக் கொண்டுவந்து அதுல நிறுத்திக்குவாங்க. உன்-ஜேக்கு அது செத்துப்போன அப்பா. இ நாவுக்குப் படகு விபத்துல கூடத் தத்தளிச்ச பொண்ணு. ஜின் ம்யங்குக்கு வருஷக்கணக்கா நினைவில்லாம கிடக்கிற தம்பி, இன்னும் சாகாதவன்! கொரிய வீட்டுல வாசலுக்கு உள்ளயே ஒரு படி தாழ்வா செருப்பு கழட்டுற இடம் இருக்கும், அலமாரியும் அங்கதான். எத்தனை மணிக்கு வந்தாலும் அதைத் தாண்டித்தான் உள்ள போகணும். பேயைக் குடிவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

சில்லறைக்கணக்கு:
பேய் கிடக்கட்டும். உறுத்துற இடம் வேற. பல இடத்துல பகுதிநேர வேலை பார்க்குற ஜின் ம்யங்கிட்ட அவ ரெஸ்டாரன்ட் சமையல்காரர் காதலைச் சொன்னப்போ, அவ "என்னைப் பிடிக்க வேணாம்"னு கேப்பா. யாருக்கோ தன்னைப் பிடிக்குதுன்னு தெரிஞ்சா தெம்பு போயிடும்னு பயம். இதை ரொமான்ஸ்னு எழுதுறவங்க கணக்குப் போட்டுப் பாக்கணும். 2016-ல கொரியாவுல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6,030 வோன். வாரம் 40 மணி நேரம் ஒரே இடத்துல பார்த்தா, வாரத்துல ஒரு நாள் லீவுக்கும் தர்ற வார விடுமுறைச் சம்பளமும் சேர்ந்து மாசம் 209 மணி நேரக் கூலி, அதாவது 12,60,270 வோன். ஆனா அந்த விடுமுறைச் சம்பளம் ஒரே முதலாளிகிட்ட வாரம் 15 மணி நேரமாவது வேலை செஞ்சாதான். இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு ஒட்டுப்போட்டு உழைக்கிறவளுக்கு அது கை நழுவிடும். அஞ்சு பேருக்குக் குறைவான கடையில ராத்திரி வேலைக்கு 50% கூடுதல் கூலியும் கட்டாயம் இல்ல. இந்த நிலைமையில தெம்பும் போயிட்டா அவ பொழைக்கிறது எப்படி?

சாவிக்கொத்து:
எனக்குப் பிடிச்ச இடம் உன்-ஜே பெட்டியோட வந்து நிக்கிறது. அவ்வளவுதான். ஆனா அதைப் பார்த்துட்டு சியோல்ல ஷேர் ஹவுஸ் தேடுறவங்க ஒண்ணைக் கவனிங்க. முன்பணத்தை அனுப்புற அன்னிக்கே, வீடு யாருது, என்ன அடமானம் இருக்குன்னு காட்டுற சொத்துப் பதிவேட்டை மறுபடி எடுத்துப் பாருங்க, போன வாரம் பார்த்தது செல்லாது. குடியேறினா 14 நாளுக்குள்ள முகவரி மாற்றம் பதியணும்னு சட்டம், ஆனா அன்னிக்கே பதியுங்க. கூடவே 600 வோன் கட்டி ஒப்பந்தத்துல, அது எந்தத் தேதியில இருந்ததுன்னு உறுதி செய்யுற அரசுத் தேதி முத்திரை வாங்கிடுங்க. இவ்வளவு செஞ்சாலும் ஓட்டை இருக்கு: முன்பணத்துக்கான உங்க பாதுகாப்பு மறுநாள் பிறக்குற நள்ளிரவு 0 மணிக்குத்தான் தொடங்கும். வீட்டுக்காரர் அன்னிக்கே பேங்க்ல அடமானம் பதிஞ்சா பேங்க்தான் முதல்ல, வீடு ஏலத்துக்குப் போனா நீங்க பின்னால. அதனால மறுநாள் வரைக்கும் அடமானம் வைக்கமாட்டேன்னு ஒப்பந்தத்துல தனி ஷரத்து எழுதச் சொல்லுங்க. வாடகைக்கு விடுறது சொந்தக்காரரா, அவர்கிட்ட எடுத்து உள்வாடகைக்கு விடுறவரான்னும் கேளுங்க. உள்வாடகைன்னா சொந்தக்காரர் சம்மதம் எழுத்துல வேணும்.

அடுத்தசீசன்:
சாவிக்கொத்து, இங்க யாருங்க வீடு தேடுனது? 14 எபிசோட் இருக்கிற 2017 சீசனை யாரும் தொடவே இல்ல. உன்-ஜேவா நடிச்சவங்க மாறிட்டாங்கன்னு அதை ஒதுக்குறாங்க. ஆனா யே-உன்ங்கிற பொண்ணை அதுலதான் முழுசாப் பார்க்க முடியும். பழைய காதலன் பிடிச்சு அடைச்சுவெச்சதுல இருந்து அவளை மீட்டாச்சு, முதல் சீசன்ல அது முடிஞ்ச கதை. இங்க ஒரு வருஷம் கழிச்சும் தெருவுல தனியா நடக்க அவளுக்குக் கால் வரல. அடைச்சுவெச்சா அப்பவும் பெரிய குற்றம்தான். ஆனா அதுக்கு முந்தின கட்டம், விடாம பின்னால வர்றது, அப்போ சில்லறைக் குற்றம், அபராதம் 1 லட்சம் வோனைத் தாண்டாது. பின்தொடர்றதைத் தண்டிக்கிற தனிச்சட்டம் அமலுக்கு வந்தது 2021 அக்டோபர் 21-ல்.

கதவோரம்:
சில்லறைக்கணக்கு, கணக்கு சரிதான். ஆனா தம்பியோட ஆஸ்பத்திரிச் செலவை நீங்க கழிக்கவே இல்லயே. கழிச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க, அலமாரி கிட்டதான் வந்து நிப்பீங்க.