மா ஒட்டுக்கன்று மண்ணில் இரட்டைத் தோல் கொண்ட வளைய நூற்புழு: எந்தப் பேரினம்? (உதவி தேவை)

வேரடிமண்:
எல்லோருக்கும் வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பாடம் நூற்புழுவியல். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு நாற்றங்காலில் பெங்களூரா வகை மா ஒட்டுக்கன்றுகள் தளிர்விடாமல் அப்படியே நிற்கின்றன. உறிஞ்சு வேர்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன, ஆனால் முடிச்சு எதுவும் இல்லை. 12 பைகளிலிருந்து வேரோடு மண் எடுத்துக் கலந்து, அதில் 200 மில்லி அளவு பிரித்துப் பார்த்தேன்.

முதல் சிக்கல்: புனல் முறையில் 48 மணி நேரம் வைத்தும் நான்கே நான்கு வளைய நூற்புழுதான் இறங்கியது. அதே மண்ணைச் சர்க்கரைக் கரைசலில் மையவிலக்கு செய்தால் நூற்றுக்கு மேல் வருகிறது.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. சிலைடில் மூன்று வகை தெரிகிறது.

முதல் வகை, அரை மில்லிமீட்டர் நீளம், உடலுக்கு மேல் இன்னொரு தோல் போர்த்தியதுபோல இருக்கிறது. எண்ணிய ஐந்தில் வளையங்கள் 126 முதல் 131, ஸ்டைலட் (வேரைக் குத்தி உறிஞ்சும் வாய் ஊசி) 66 முதல் 70 மைக்ரான்.
இரண்டாவது அதைவிடச் சிறியது. உடல் நெடுக வரிசை வரிசையாகச் செதில்.
மூன்றாவது ஒற்றைத் தோல், தடித்த வளையங்கள், 90ஐ ஒட்டிய எண்ணிக்கை.

நான் இவற்றை ஹெமிசைக்ளியோஃபோரா, ஓக்மா, கிரிகோனிமாய்டீஸ் என்று மூன்று பேரினமாக எழுதிக் கொடுத்தேன். என் வழிகாட்டி படித்துவிட்டு "மறுபடியும் பார்" என்று மட்டும் சொல்லித் திருப்பிவிட்டார். எங்கே தவறினேன் என்று புரியவில்லை. அடுத்த மாதம் அறிக்கை தர வேண்டும். வழி சொல்லுங்கள்.

செம்மண்காடு:
இரட்டைத் தோல் என்றால் தோல் உரிக்கும் நிலையாக இருக்கலாமே? நூற்புழு முதிர்வதற்குள் நான்கு முறை தோல் உரிக்கும். உரியும் நேரத்தில் பிடித்துவிட்டால் பழைய தோல் மேலே, புதிய தோல் கீழே என்று இப்படித்தான் தெரியும். நான் ஒருமுறை இதில் நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

சல்லடை400:
செம்மண்காடு சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் பார்த்த ஐந்தும் ஒரே நேரத்தில் தோல் உரிக்காது. தங்கச்சி, உங்கள் இரட்டைத் தோலுக்கு மூன்று காரணம் இருக்க முடியும். ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்.

ஒன்று, தோல் உரிப்பு. அப்படியானால் ஸ்டைலட் முழுதாக இருக்காது. அதன் முன்பகுதி பழைய தோலோடு தனியே போய்த் தலைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே புதியது உருவாகிக்கொண்டிருக்கும். உங்களால் 66 முதல் 70 மைக்ரான் என்று சீராக அளக்க முடிந்திருக்கிறதே, அதுவே உரிப்பு இல்லை என்பதற்குப் பாதிச் சான்று.

இரண்டு, சர்க்கரை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு லிட்டர் கரைசலுக்கு 454 கிராம் சர்க்கரை போடுகிறோம். அந்த அடர்த்தியில் புழு அதிக நேரம் இருந்தால் உடலிலிருந்து நீர் வெளியேறி உள்ளுடல் சுருங்கிவிடும், தோலுக்கும் உடலுக்கும் நடுவே பொய்யான இடைவெளி விழும். கரைசலில் ஒரு நிமிடம் சுழற்றியதும் 400 மெஷ் சல்லடையில் ஊற்றி உடனே தண்ணீரால் அலசிவிட வேண்டும். நீங்கள் எவ்வளவு நேரம் விட்டீர்கள்?

மூன்றாவது, உண்மையான உறை. பேரினத்தின் இயல்பே அதுதான் என்றால் முதிர்ந்த பெண்புழு ஒவ்வொன்றிலும் உறை இருக்கும், அந்த உறையிலும் தனி வளையங்கள் இருக்கும், சர்க்கரை படாத புழுவிலும் தெரியும்.

புனலில் வராததற்கு நீங்கள் காரணம் இல்லை. புழு தானே நகர்ந்து துணியைத் தாண்டி இறங்கினால்தான் புனல் வேலை செய்யும். வளைய நூற்புழு மற்ற நூற்புழுக்களைப்போல நெளிந்து ஓடாது. மண்புழுபோல உடலைச் சுருக்கி நீட்டி மிக மெதுவாக நகரும். புனல் கணக்கை மட்டும் நம்பி "இந்த மண்ணில் வளைய நூற்புழு இல்லை" என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறாது. அந்த மண்ணில் அது நிறைய இருந்திருக்கும்.

வேரடிமண்:
நன்றி சார். கரைசலில் பத்து நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டேன், நடுவில் மின்சாரம் போய்விட்டது. இன்று புதிதாக மண் எடுத்து, சர்க்கரையே இல்லாமல் சல்லடையில் மட்டும் அலசி, உயிரோடு 15 புழுக்களைப் பார்த்தேன். இரட்டைத் தோல் இருக்கிறது. இடைவெளி முன்பு பார்த்ததைவிடக் குறைவு, உறை உடலோடு ஒட்டித்தான் இருக்கிறது. உறையிலும் வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஸ்டைலட் எல்லாவற்றிலும் முழுசு. அப்படியானால் நான் எழுதிய ஹெமிசைக்ளியோஃபோரா சரிதானே?

நங்கூரம்:
இல்லை கண்ணு, இங்கேதான் நீங்கள் வழி தவறியிருக்கிறீர்கள். உறை உள்ள பேரினம் ஒன்றல்ல. ஹெமிசைக்ளியோஃபோராவில் உறை தளர்வாக, சட்டை போட்டதுபோல இருக்கும். உடலும் நீளம், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும். வளையங்கள் பொதுவாக 200ஐத் தாண்டும். உங்களுக்கு வருவது 130. அந்த எண் ஒன்றே போதும், அது ஹெமிசைக்ளியோஃபோரா இல்லை என்று சொல்ல.

இன்னொரு அடையாளம் ஸ்டைலட்டின் அடியில் இருக்கும் குமிழ். ஹெமிசைக்ளியோஃபோராவில் அது உருண்டையாகப் பின்பக்கம் சரிந்திருக்கும். உங்கள் புழுவில் குமிழின் விளிம்பு முன்பக்கமாக வளைந்து நங்கூரம்போல நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஹெமிகிரிகோனிமாய்டீஸ். மாமரத்தடி மண் என்றதும் என் மனதில் முதலில் வந்ததும் அதுதான்.

இந்தப் பேரினத்தை 1957ல் சிட்வுட்டும் பிர்ச்ஃபீல்டும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து எழுதினார்கள். நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1949லேயே லூஸ் என்பவர் இலங்கையில் இரண்டு இனங்களை விவரித்திருந்தார். அப்போது அவற்றைக் கிரிகோனிமாய்டீஸில் சேர்த்திருந்தார்கள், பிறகு இங்கே மாற்றப்பட்டன. கோகோஃபில்லஸ், காட்டி என்ற அந்த இனப்பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

வேரடிமண்:
அக்கா, இப்போதுதான் நூறு மடங்கு லென்ஸில் பார்த்தேன். நங்கூரமேதான்! குமிழைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரி, அப்படியானால் செதில் வைத்த இரண்டாவது வகை ஓக்மாதானே?

நங்கூரம்:
ஒரு கேள்வி. அந்தச் செதில் புழுக்களில் எத்தனைக்கு வல்வா பார்த்தீர்கள்? வல்வா, அதாவது பெண்புழுவின் இனப்பெருக்கத் துளை, இந்தக் குடும்பத்தில் மிகவும் பின்னால், உடல் நீளத்தில் 90 சதவீதத்தைத் தாண்டி, ஏறக்குறைய வாலருகே இருக்கும். அவசரமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வேரடிமண்:
22 புழு பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. முட்டைப்பையும் இல்லை.

நங்கூரம்:
அப்படியானால் அவை குழந்தைகள். ஹெமிகிரிகோனிமாய்டீஸ் பெண்புழு வழவழப்பாக உறை போர்த்திக்கொண்டிருக்கும், அதன் இளம்புழுவுக்கோ உடல் நெடுகச் செதிலோ முள்ளோ வரிசையாக இருக்கும். கடைசித் தோல் உரிப்பில் அந்தச் செதில்கள் போய்விடும். தாயும் பிள்ளையும் துளியும் ஒத்திருக்காது. ஒரே மண்ணிலிருந்து எடுத்த தாயையும் பிள்ளையையும் நீங்கள் இரண்டு பேரினமாகப் பிரித்துவிட்டீர்கள். வருத்தப்படாதீர்கள், எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான். எனக்கு 1998ல் நடந்தது.

ஓக்மா என்று எழுத வேண்டுமானால் வல்வா உள்ள, முதிர்ந்த பெண்புழுவிலேயே செதில் இருக்க வேண்டும். கிரிகோனிமா என்ற இன்னொரு பேரினத்திலும் இளம்புழுவுக்குச் செதில் உண்டு என்பதால் இளம்புழுவை மட்டும் வைத்துப் பேரினம் சொல்லவே கூடாது. முதலில் வல்வா, அப்புறம்தான் மற்றது. ஆண்புழு கிடைத்தால் அதையும் தனியே வையுங்கள். அதற்கு ஸ்டைலட் இருக்காது, மெலிந்து நூல்போல இருக்கும். அதை வேறு ஏதோ தீங்கில்லாத புழு என்று நினைத்துக் கொட்டிவிடுபவர்கள் உண்டு.

சல்லடை400:
மூன்றாவது வகைக்கு வருகிறேன். ஒற்றைத் தோல், பின்னோக்கிச் சரிந்த தடித்த வளையம், 90ஐ ஒட்டிய எண்ணிக்கை என்றால் அது நிஜமாகவே வேறு புழு. கிரிகோனிமாய்டீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். மீசோகிரிகோனிமாவாக இருக்கலாம். வல்வாவைப் பக்கவாட்டில் பாருங்கள். திறந்திருந்தால் மீசோகிரிகோனிமா, மூடியிருந்தால் கிரிகோனிமாய்டீஸ். கூடவே தலையின் முன்புறம் துணைநடு மடல்கள் என்ற நான்கு சிறு மேடுகள் நன்றாக எழுந்து நிற்கின்றனவா என்றும் பாருங்கள். மீசோகிரிகோனிமாவில் அவை தெளிவாக இருக்கும். தலையை வெட்டி நேராக நிறுத்திப் பார்ப்பதுதான் முறை. கை பழகும்வரை பக்கவாட்டுத் தோற்றத்திலேயே முயன்று பாருங்கள்.

வளையம் எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. உதட்டு வளையத்தையும் சேர்த்து, உடலின் ஒரே பக்கக் கோட்டில் வால் நுனிவரை எண்ண வேண்டும். மீசோகிரிகோனிமாவில் பக்கவாட்டில் இரண்டு வளையம் ஒன்றாகச் சேர்வதும் பிரிவதும் உண்டு. வயிற்றுப்பக்கம் தொடங்கி நடுவில் முதுகுப்பக்கம் தாவினால் கணக்கு நான்கைந்து மாறிவிடும். மொத்த எண்ணிக்கையைத் தவிர, வாலிலிருந்து வல்வாவரை எத்தனை, வல்வாவுக்கும் மலத்துளைக்கும் நடுவே எத்தனை என்பதையும் எழுதுங்கள். சிலைடில் கவர்கிளாஸ் அழுத்திப் புழு நசுங்கினால் எல்லா அளவும் பொய், மெழுகு வளையம் வைத்து மூடுங்கள்.

வேரடிமண்:
திறந்த வல்வா. மடல்களும் தெரிகின்றன. மீசோகிரிகோனிமா என்று மாற்றிவிட்டேன்.

இப்போது பெயர்ச் சிக்கல். முதல் வகையின் அளவுகள் ஹெமிகிரிகோனிமாய்டீஸ் மாஞ்சிஃபெரேயோடு பொருந்துகின்றன. ஆனால் டிஎன்ஏ வரிசைத் தொகுப்பில் தேடினால் ஸ்ட்ரிக்டதீகேடஸ் என்று வருகிறது. எதை எழுதுவது?

செம்மண்காடு:
இதை நான் சொல்கிறேன், முதல் பதிலில் தவறவிட்டதற்கு ஈடாக. எஸ்ஸர் 1960ல் ஃபுளோரிடாவிலிருந்து ஸ்ட்ரிக்டதீகேடஸ் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு, 1961ல், சித்திக்கி நம் நாட்டு மாமரத்திலிருந்து மாஞ்சிஃபெரே என்று பெயரிட்டார். பின்னால் வந்த வகைப்பாட்டாளர்கள் இரண்டும் ஒரே இனம் என்று சேர்த்தார்கள். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் என்றால் மூத்த பெயர்தான் நிற்கும். அதனால் ஸ்ட்ரிக்டதீகேடஸ் என்று எழுதி, மாஞ்சிஃபெரேயை இணைப்பெயராக அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். மா, லிச்சி பற்றிய பழைய கட்டுரைகள் எல்லாம் மாஞ்சிஃபெரே என்றுதான் பேசும். அந்தப் பெயரை விட்டுவிட்டால் படிப்பவருக்கு அந்த இலக்கியம் முழுவதும் கைநழுவிவிடும். ஸ்ட்ரிக்டதீகேடஸ் என்ற பெயரின் பொருளே "இறுக்கமான உறை" என்பதுதான். உயிரோடு பார்த்தபோது உறை உடலோடு ஒட்டியிருந்தது என்றீர்களே, அதேதான்.

மீசோகிரிகோனிமா பக்கம் இதைவிடக் குழப்பம். 1952ல் ராஸ்கி விவரித்த ஸீனோப்ளாக்ஸ் என்ற ஒரே இனம் கிரிகோனிமாய்டீஸ், மேக்ரோபோஸ்தோனியா, கிரிகோனிமெல்லா, மீசோகிரிகோனிமா என்று நான்கு பேரினப் பெயரில் அச்சாகியிருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கில் பீச் மரங்களை இளம் வயதிலேயே சாகவைப்பதில் முக்கியப் பங்கு அதற்கு உண்டு என்பதால் கட்டுரைகள் ஏராளம். தேடும்போது நான்கு பெயரையும் போட்டுத் தேடுங்கள். அந்தப் பெயருக்குள்ளேயே பல மரபுக் கிளைகள் ஒளிந்திருப்பதாகச் சிஓஐ மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் உங்கள் மூன்றாவது புழுவைப் பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மை.

சல்லடை400:
டிஎன்ஏவுக்குப் போவதாக இருந்தால் ஃபார்மலினில் போட்ட புழு உதவாது. உயிருள்ள ஒரு பெண்புழுவை எடுத்து, முதலில் படம் பிடித்து அளவு எழுதிக்கொண்டு, பிறகு அதே புழுவை நசுக்கி இனம் காண உதவும் 28எஸ் மரபணுப் பகுதியின் டி2-டி3 துண்டைப் பெருக்குங்கள். படம் இல்லாமல் நசுக்கிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை.

தளிர்க்காலம்:
எனக்கு நாற்றங்கால் இருக்கிறது, படிப்பு அவ்வளவாக இல்லை. பெயர் எதுவானாலும் எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கன்று வளராமல் நிற்பதற்கு இந்தப் புழுதான் காரணமா?

நங்கூரம்:
நியாயமான கேள்வி அண்ணா. இந்தப் புழு வேருக்குள் போகாது. உடல் மண்ணில் இருக்கும், ஸ்டைலட்டை மட்டும் வேரில் குத்தி உறிஞ்சும். அதனால் முடிச்சு வராது, மெல்லிய வேர்கள் கருத்துப்போகும். தென்னாப்பிரிக்காவிலும் ஃபுளோரிடாவிலும் லிச்சி மரங்கள் நலிவதோடு இதைத் தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறார்கள். ஆனால் மண்ணில் நூறு புழு இருந்தது என்பதாலேயே காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. வடிகால் கெட்டாலும் வேர் பழுப்பேறும். சுத்தமான மண்ணில் வளர்ந்த கன்றில் புழுவை விட்டு, விடாத கன்றோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். பை நிரப்பும் மண்ணைப் பழைய மாமரத்தடியிலிருந்து எடுக்காதீர்கள். கோடையில் ஈரமண்ணைக் கண்ணாடிபோன்ற பாலிதீன் தாளால் மூடி வெயிலில் சில வாரம் வேகவிடுங்கள். பைகளை வெறும் தரையில் அடுக்காமல் தாளின்மேல் வையுங்கள்.

தளிர்க்காலம்:
நாங்கள் மண் எடுப்பதே தாய்மரத்தடியிலிருந்துதான். இந்த வருடம் மாற்றிவிடுகிறேன்.

வேரடிமண்:
திருத்திய பக்கம் இன்று கொடுத்தேன். ஹெமிகிரிகோனிமாய்டீஸ் ஸ்ட்ரிக்டதீகேடஸ், 20 பெண்புழுக்களின் அளவோடு, இளம்புழுப் படங்கள் அதே தலைப்பின் கீழ். மீசோகிரிகோனிமா தனியே, இனம் குறிக்காமல். வழிகாட்டி படித்துவிட்டு, அக்கா சொன்ன அதே கன்றுச் சோதனையைச் செய்யச் சொல்லிவிட்டார். ஆவியில் அவித்த மணலில் மாங்கொட்டை ஊன்றியாயிற்று. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஹெமிகிரிகோனிமாய்டீஸ் மட்டும் வேண்டும், மீசோகிரிகோனிமா கலக்கக் கூடாது. எப்படிப் பிரிப்பது?

சல்லடை400:
கையால்தான். மூங்கில் குச்சியை நுனி சீவி, ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். மீசோகிரிகோனிமா குட்டையாகத் தடித்து வளைந்திருக்கும், உங்களுடையது மெலிந்து நேராக இருக்கும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். செதில் உள்ள இளம்புழுக்களையும் சேர்த்துப் பொறுக்குங்கள். சர்க்கரையில் எடுத்தவை வேண்டாம், சல்லடையில் அலசியதிலிருந்தே எடுங்கள்.