ஆன்லைன் ஆர்டர்: ஒரு நாளைக்கு 12 கேக் என்ற வரம்பை எப்படி வைப்பது?

கேள்வி
வேர்ட்பிரஸில் ஓடும் சின்ன பேக்கரி தளம். மெனு பிடிஎஃப் ஆக இருக்கிறது, ஆர்டர் எல்லாம் ஃபோனில். வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் ஆன்லைன் கடை நடத்த உதவும் பிளகின், அதாவது கூடுதல் மென்பொருள்) போட்டுப் புதுப்பிக்க வேண்டும். பிரெட், பன் அன்றன்றைக்கே கிடைக்கும்; கேக்குக்கு 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். ஓவன் ஒன்றுதான், நாளைக்கு 12 கேக்குக்கு மேல் ஏறாது. ஸ்டாக்கில் 12 என்று போட்டால் போதுமா? பழைய பக்க முகவரிகளை என்ன செய்வது?

பதில் 1
போதாது. ஸ்டாக் என்பது பொருளுக்கு. உங்களுக்கு வேண்டியது தேதிக்கான வரம்பு. சனிக்கிழமைக்கு 12 போனதுமே ஞாயிறு, திங்களுக்கும் 'ஸ்டாக் இல்லை' என்று காட்டிவிடும். தேதியும் ஸ்லாட்டும் (வாங்கிக்கொள்ளும் நேரப் பகுதி) கேட்கும் பிளகின் போடுங்கள். வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: வரம்பை ஆர்டர் கணக்கில் எண்ணுகிறதா, உருப்படிக் கணக்கிலா? ஆர்டர் கணக்கென்றால் ஒருவரே 5 கேக் கேட்டாலும் ஒன்றாகத்தான் எண்ணும்.

ஃபோனில் வருவதையும் அதே அட்மினில் ஏற்றியாக வேண்டும். அந்தப் பழக்கம் வரும்வரை ஆன்லைனுக்கு 10 மட்டும் திறந்து வையுங்கள்.

48 மணி நேரத்தை அப்படியே கணக்கிட வேண்டாம். இரவு 11 மணிக்கு வரும் ஆர்டரை யார் பார்ப்பது? 'இரண்டு நாள் முன்பு மாலை 4 மணிக்குள்' என்று வையுங்கள். பொது அமைப்புகளில் நேர மண்டலத்தையும் சரிபாருங்கள். யுடிசியிலேயே (உலகப் பொது நேரம்) விட்டால் மாலை 4 வேறெப்போதோ வரும்.

பதில் 2
பணம் கட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கும். 'நன்றி' பக்கம் திறந்தால்தான் ஆர்டர் உறுதி என்று வைக்காதீர்கள். கேட்வேயின் (பணம் வாங்கித் தரும் சேவை) வெப்ஹுக், அதாவது பணம் வந்ததும் அது உங்கள் தளத்துக்கு நேரடியாக அனுப்பும் தகவல், வந்து உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பணம் கட்டியதும் டேபை மூடியவரின் ஆர்டர் பெண்டிங்கிலேயே கிடந்து தானாக ரத்தாகும், பணம் மட்டும் போயிருக்கும். டெஸ்ட் மோடில் வேண்டுமென்றே டேபை மூடிப் பாருங்கள்.

கட்டாத ஆர்டருக்கு ஸ்டாக்கைப் பிடித்து வைக்கும் நேரம் இயல்பாக 60 நிமிடம். 15 போதும். ஆனால் வேர்ட்பிரஸின் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். கூட்டமில்லாத தளத்தில் ரத்தாவது தாமதமாகும். சர்வர் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள். ரத்தானதும் ஸ்லாட்டும் விடுபடுகிறதா என்று தனியாகச் சோதியுங்கள். கார்ட், செக்அவுட் பக்கங்களை கேஷிலிருந்து (பக்கத்தின் பழைய நகலைச் சேமித்துக் காட்டும் வசதி) விலக்குங்கள்.

கேள்வி கேட்டவர்
ஒரே கூடையில் பன்னும் கேக்கும் போட்டால்?

பதில் 1
அதிக அவகாசம் கேட்கும் பொருளின் தேதிதான் முழுக் கூடைக்கும். பன் இன்றைக்கே வேண்டுமென்றால் தனி ஆர்டர். அதைக் கூடைப் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். செக்அவுட்டில் போய்த் தெரிந்தால் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவார்கள்.

பதில் 3
பழைய முகவரிகளுக்கு 301 (புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்புவது), பக்கத்துக்குப் பக்கம். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப் முகவரியை மறக்காமல் புதிய மெனு பக்கத்துக்குத் திருப்புங்கள். ஓராண்டாவது இருக்கட்டும்.

இன்னொன்று: கேக்கின்மேல் எழுத வேண்டியதைக் கேட்கும் பெட்டியில் 20 எழுத்து வரம்பு வைத்தால் தமிழ் பாதியில் நிற்கும். 'வாழ்த்துகள்' நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 11. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணும். 40 வையுங்கள்.