மறு: கம்பாட்டிபிலிட்டி லேயர் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

விண்டோஸுக்கென எழுதப்பட்ட வடிவமைப்பு மென்பொருட்களை லினக்ஸில் இயக்கும் வழிகள் பற்றிய நம் பயனர் கையேடு எந்தச் சொல்லைவிடவும் ‘கம்பாட்டிபிலிட்டி லேயர்’ என்ற இந்த ஒன்றில்தான் தடுமாறுகிறது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் ‘வைன்’ போன்ற மென்பொருளைக் குறிக்கும் சொல் அது. முந்தைய மடல்களைப் படித்தபின் என் கருத்து:

> வைனையும் எமுலேட்டரையும் சேர்த்துப் ‘போலியக்கி’ என்றே சொல்லிவிடலாம். பயனருக்கு இரண்டும் ஒன்றுதானே?

இதை ஏற்க முடியவில்லை. இந்த வேறுபாடு பயனருக்குத்தான் அதிகம் தேவை. எமுலேட்டர், வேறொரு கணினியின் வன்பொருளைச் செயலி (பிராசஸர்) உட்பட மென்பொருளால் நடித்துக் காட்டுகிறது. அதனால் வேகம் குறையும். வைன் செயலியை நடிப்பதில்லை. நிரலின் கட்டளைகள் நேரே நம் செயலியிலேயே ஓடுகின்றன. ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்தச் சாளரத்தை வரை’ என்று நிரல் விண்டோஸிடம் கேட்கும்போது மட்டும் வைன் அந்த அழைப்பை வாங்கி, லினக்ஸ் வழியில் நிறைவேற்றித் தருகிறது. படம் வரைய விண்டோஸ் நிரல்கள் விடுக்கும் டைரக்ட்எக்ஸ் அழைப்புகள், லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் வல்கன் அல்லது ஓபன்ஜிஎல் அழைப்புகளாக மாறுகின்றன. 1993-இல் தொடங்கிய அத்திட்டத்தின் ஆக்குநர்களே தங்கள் பெயருக்கு ‘வைன் எமுலேட்டர் அல்ல’ என்றுதான் விரிவு தருகிறார்கள்.

படம் வரையும் மென்பொருள் ஒன்று திறந்தவுடன் மூடிக்கொள்கிறது என்று வையுங்கள். போலியக்கி என்று படித்தவர் தன் கணினிக்கு வேகம் போதவில்லை என்று நினைத்து நினைவகம் வாங்கப் போவார். உண்மையில், நிரல் கேட்ட ஏதோ ஓர் அழைப்பு வைனில் இன்னும் எழுதப்படாமல் இருக்கலாம். முனையத்தில் (டெர்மினல்) ‘ஃபிக்ஸ்மி’ என்று வரும் வரிகளில் அதற்கான தடயம் கிடைக்கக்கூடும். எங்கே தேடுவது என்பதைச் சொல்லே காட்டித் தர வேண்டும். ‘போலி’யும் ‘இயக்கி’யும் தனித்தனியாகவும் இடிக்கின்றன: முதலாவது கள்ளப்பொருள் என்று தோன்றவைக்கும், இரண்டாவது டிரைவருக்கு நிலைத்துவிட்ட சொல்.

> அப்படியானால் ‘அழைப்புப் பெயர்ப்பி’?

வேலையைச் சரியாகச் சொல்கிறது, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கம்பைலருக்கு ‘நிரல்பெயர்ப்பி’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம்தான். ‘ஒத்திசைவு அடுக்கு’ம் ஆகாது, ஒத்திசைவை ‘சிங்க்’ (sync) என்பதற்குக் கொடுத்தாகிவிட்டது.

என் பரிந்துரை ‘இணக்க அடுக்கு’. ‘இந்த அச்சுப்பொறி லினக்ஸோடு இணக்கமானது’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். ‘இணக்கமின்மை’யும் அதே வேரில் கிடைத்துவிடுகிறது. இது சொன்னவுடன் விளங்கும், பேச்சிலும் தடுக்காது.

வைனுக்கு மட்டும் பொருந்தினால் போதாது என்பதால் மறுதிசையிலும் வைத்துப் பார்த்தேன். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லின் முதல் பதிப்பு, லினக்ஸ் அழைப்புகளை விண்டோஸ் கருவே (கெர்னல்) நிறைவேற்றும்படி செய்தது. அதுவும் இணக்க அடுக்குதான். இரண்டாம் பதிப்பு உண்மையான லினக்ஸ் கருவையே ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுகிறது, அதை அப்படி அழைக்க முடியாது. சொல் சரியான இடத்தில் கோடு கிழிக்கிறது.

> இதெல்லாம் விளையாட்டு ஆடுபவர்களுக்குத்தானே, தொழில்முறையாளர்களுக்கு எதற்கு?

விளையாட்டால் வைன் வேகமாக வளர்ந்தது உண்மை. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டானும் வைனை அடிப்படையாகக் கொண்டதே. ஆனால் அதற்கு வெகு முன்பே, 2000-இல், கோரல் நிறுவனம் கோரல்டிரா 9-ஐ லினக்ஸுக்குக் கொண்டுவந்தது வைனைப் பயன்படுத்தித்தான். வடிவமைப்பாளர்களுக்கு இது புதிதல்ல. பிளெண்டர், மாயா, ஹூடினி போன்றவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே இருப்பதால் அவற்றுக்கு இணக்க அடுக்கு எதுவும் வேண்டாம். போட்டோஷாப், ஆட்டோகேட் கோப்புகளோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர்களுக்குத்தான் இது தேவை. கையேட்டை அவர்களுக்காகவே எழுதுகிறோம்.

எமுலேட்டருக்குத் தனி இழை தொடங்கலாம். அதுவரை கையேட்டில் ‘எமுலேட்டர்’ என்றே இருக்கட்டும்.

அப்புறம், ‘வைன் பிரிஃபிக்ஸ்’ மிச்சமிருக்கிறது. அது தனக்கென ஒரு சி டிரைவும் பதிவகமும் (ரெஜிஸ்ட்ரி) கொண்ட கோப்புறை. ‘முன்னொட்டு’ என்று போட்டால் இலக்கணப் பாடமாகிவிடும், ‘கொள்கலன்’ டாக்கர் மென்பொருளின் ‘கன்டெய்னருக்கு’ப் போய்விட்டது. ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியே குடிவைக்கும் இடம் என்ற பொருளில் ‘வைன் மனை’ சரிப்படுமா? மாற்று இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.