டாக்டரைப் பார்த்தால் ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா? (ஜெர்மனி, அவசரம்)

குடியாத்தம் தறி:
எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு நண்பனுக்காகக் கேட்கிறேன். ஐந்தாறு வாரமாக அவனுக்குத் தூக்கம் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அதோடு சரி. சாப்பாடு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை குக்கரில் அரிசி போட்டு மூடியவன், அடுப்பைப் போடாமலே ஒரு மணி நேரம் அதன் எதிரே நின்றிருக்கிறான். விசில் வரவில்லையே என்றுகூடத் தோன்றவில்லையாம். இரண்டு வரி மெயில் எழுத அரை நாள் ஆகிறது. இங்கே மனநல டாக்டரைப் பார்த்தால் இன்சூரன்ஸ் கொடுக்குமா? ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா? விசாவுக்குச் சிக்கல் வருமா? ஊரில் வீட்டுக்குத் தெரியவே கூடாது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆம்பூர் தோல்ஷாப்:
தம்பி, முதல் குளிர்காலம் எல்லோருக்கும் அப்படித்தான். நான் 2009 நவம்பரில் வந்து இறங்கினேன். ஆம்பூர் வெயிலில் தோல் காயப்போட்டுப் பழகின உடம்பு. இங்கே நாலரை மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அறையில் நான், ஒரு ஹீட்டர், அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். ஜனவரியில் அது தீர்ந்துபோனது. கழுவ மனசு வராமல் மார்ச் வரைக்கும் காலி பாட்டிலை ஜன்னலில் வைத்திருந்தேன், எண்ணெய்ப் பிசுக்கோடு. நாங்களெல்லாம் டாக்டரிடமா போனோம்? நண்பனைக் காலையில் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி போடச் சொல்லுங்கள். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

ராணிப்பேட்டை சுதா:
அண்ணா, அவர் கேட்டது இன்சூரன்ஸ் பற்றி. வரன் பார்க்கச் சொல்லவில்லை.
தறி, இன்சூரன்ஸ் கொடுக்கும். ஆனால் ஆள் கிடைக்கமாட்டார்கள். 2021இல் நான் இருபத்து மூன்று தெரபிஸ்டுகளுக்கு போன் போட்டேன். முக்கால்வாசி ஆன்சரிங் மிஷின். எடுத்தவர்களும் "ஆறு மாதம் கழித்துக் கூப்பிடுங்கள்" என்றார்கள். பொறுக்க முடியாமல் தெருமுனையில் சைக்கோதெரபி என்று பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் போனேன். ஒரு தடவைக்கு 80 யூரோ, ஆறு தடவை. பில்லை அனுப்பினால் காப்பீட்டில் ஒரு பைசா கிடையாது என்று கடிதம் வந்தது. பலகையைத் திரும்பப் போய்ப் பார்த்தேன், கீழே பொடி எழுத்தில் ஹைல்ப்ராக்டிகர், அதாவது டாக்டர் பட்டம் இல்லாத மாற்று வைத்தியர், என்று இருந்தது. அவர்களுக்கு அரசுக் காப்பீடு பணம் கட்டாது. இதை யாரும் முன்னால் சொல்லமாட்டார்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
நான் வேறு மாதிரி சொல்வேன், கோபப்படாதீர்கள். இப்போது டாக்டரிடம் போகவே போகாதீர்கள். ஒருமுறை டிப்ரஷனுக்கான எஃப் 32 என்ற குறியீட்டை எழுதிவிட்டால் அது பதிவில் நிற்கும். அப்புறம் வேலை செய்ய முடியாமல் போனால் பணம் தரும் தனியார் பாலிசி எடுக்கப் போனால் துருவித் துருவிக் கேட்பார்கள், மறுத்துவிடுவார்கள். முதலில் அந்தப் பாலிசி, பிறகு டாக்டர். எனக்கு இப்படித்தான் ஆனது, முதுகு வலிக்குப் போய்.

லாங்கு பஜார் லோகு:
இன்னாபா இது, பத்திக்கிட்டு எரியும்போது வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்றே? உடம்பு சரியில்லாத ஆள் அதை மறைத்துப் பாலிசி எடுத்தால் நாளைக்குச் செல்லாது என்பார்கள், அதுவும் போச்சு.
தம்பி, நண்பனை டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பு. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. அம்மாவை அங்கே வைத்துத்தான் பார்த்தோம். வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும், நான்தான் தங்கினேன். அம்மா இன்றைக்கு என் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருக்கிறாள்.

ராணிப்பேட்டை சுதா:
லோகு அண்ணா, வேலையைப் போட்டுவிட்டுப் போனால் திரும்பி வர விசா? கட்டின டெபாசிட்? அதுவும் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்கிறார், நீங்கள் பாகாயத்துக்கு வரச் சொல்கிறீர்கள். ராணிப்பேட்டை பஸ்ஸில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
இந்த நாட்டில் எதற்குத்தான் டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், இல்லை? பல்லுக்கு டெர்மின், முடி வெட்ட டெர்மின், பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல டெர்மின்.

ஆம்பூர் தோல்ஷாப்:
ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போட்டதற்குக் கீழ்வீட்டுத் தாத்தா படியிலேயே நிறுத்திக் கேட்டார். பதினைந்து வருஷ மரியாதை ஒரே பாட்டிலில் போயிற்று.

லாங்கு பஜார் லோகு:
அங்கே முள்ளுக்கத்திரிக்காய் கிடைக்குதா? நம்ம இலவம்பாடிக் காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க. வேலூர்க்காரன் எங்கே போனாலும் அதுக்குத்தான் ஏங்குவான்.

ராணிப்பேட்டை சுதா:
நாங்கள் 2019 முதல் வேலூர் இல்லை, தனி மாவட்டம். ஞாபகம் இருக்கட்டும்.

ஆம்பூர் தோல்ஷாப்:
அப்படிப் பார்த்தால் நான் திருப்பத்தூர் மாவட்டம். வட ஆற்காடு என்று ஒரே பேராக இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை.

பாகாயம் சிஸ்டர்:
கத்திரிக்காயைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கேட்டவர் காலையிலிருந்து ஒரு வார்த்தை எழுதவில்லை.
தறி, நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். இங்கே நர்சாக எட்டு வருஷம். நான்கு விஷயம் தெரியாமல் யாரும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. கையில் இருப்பது அரசுக் காப்பீட்டு அட்டையா, தனியாரா, இல்லை விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடா? வேலையில் சேர்ந்து எத்தனை வாரம்? எந்த ஊர்ப் பக்கம்? கடைசியாக, நேராகவே கேட்கிறேன்: செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? நண்பனாக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும் பரவாயில்லை.

குடியாத்தம் தறி:
அக்கா, நான்தான். மன்னிக்கவும். ஜூலையில் சேர்ந்தேன். ஆறு மாதம் ப்ரொபேஷன், டிசம்பர் கடைசி வரைக்கும். ஸ்டுட்கார்ட் பக்கம். அரசுக் காப்பீடுதான், சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சாக வேண்டும் என்று இல்லை. காலையில் கண் திறக்காமலே இருந்தால் தேவலை என்று தோன்றும். ஏதும் செய்துகொள்ள நினைத்ததில்லை.

பாகாயம் சிஸ்டர்:
மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. சொன்னது நல்லது. அந்த நினைப்பு முற்றினால், எப்படி என்று மனசு திட்டம் போட ஆரம்பித்தால், டெர்மின் எதற்கும் காத்திருக்காதே. 112க்குப் போன் பண்ணு, இல்லை பக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போ. ராத்திரியில் பேச்சுக்கு ஒரு குரல் வேண்டுமென்றால் 0800 1110111, காசு கிடையாது. ஜெர்மன்தான் பேசுவார்கள், பரவாயில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அட்டை போதும். டாக்டரைப் பார்க்கக் கையிலிருந்து பணம் இல்லை. மருந்துக்கு மட்டும் விலையில் பத்து சதவீதம், குறைந்தது 5, அதிகம் 10 யூரோ. ஆபீசுக்கு நோயின் பெயர் போகாது. டாக்டர் லீவு எழுதினால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை மட்டும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளும். ஆனால் வரவில்லை என்று நீ முதல் நாள் காலையிலேயே மேனேஜருக்குச் சொல்லிவிட வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் போதும், என்ன என்று சொல்லத் தேவையில்லை. நாலு வாரத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டாய், அதனால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் வரும். அதற்கு மேல் போனால் காப்பீடே மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் தரும், நிகரச் சம்பளத்தில் 90 சதவீதத்தைத் தாண்டாமல்.

ராணிப்பேட்டை சுதா:
லீவில் இருக்கும் ஆளை வேலையை விட்டு எடுக்கவும் முடியாது, அதையும் சொல்லுங்கள் அக்கா.

பாகாயம் சிஸ்டர்:
அது தப்பு சுதா, பலரும் அப்படி நினைத்து ஏமாறுகிறார்கள். ப்ரொபேஷனில் இரண்டு வார நோட்டீசில் அனுப்பலாம், லீவில் இருந்தாலும். இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. ஆனால் இரண்டு வரி மெயிலுக்கு அரை நாள் எடுத்துக்கொண்டு தினமும் உட்கார்ந்திருப்பதும் வேலையைக் காப்பாற்றாது. லீவு எடுத்ததற்காக விசா போகாது. வேலையே போனால்தான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும், அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தெரபிஸ்டைத் தேடி இப்போது அலையாதே. முதலில் ஹவுஸ்ஆர்ட்ஸ்ட், அதாவது குடும்ப டாக்டர். அவரே டிப்ரஷன் மாத்திரை எழுதலாம், லீவும் எழுதலாம். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் செய்வார், அதிலும் இப்படிச் சோர்வு வரும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ: எந்தத் தேதியிலிருந்து தூக்கம் இல்லை, எத்தனை கிலோ குறைந்தது, குக்கர் கதை. அந்தக் குக்கர் கதையைக் கட்டாயம் சொல். "ஸ்ட்ரெஸ்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் மூலிகை டீ குடிக்கச் சொல்லி அனுப்புவார்கள். மாத்திரை வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும், முதல் சில நாள் வயிறு புரட்டும். நீயாக நிறுத்தாதே.

காட்பாடி ஜங்ஷன்:
சைக்கோதெரபிக்கும் குடும்ப டாக்டர் சீட்டு வேண்டுமே?

பாகாயம் சிஸ்டர்:
வேண்டாம். தெரபிஸ்டின் முதல் சந்திப்புக்கு, ஷ்ப்ரெக்ஷ்டுண்டே என்பார்கள், சீட்டு தேவையில்லை. டாக்டர் நேரம் பிடித்துத் தரும் பொதுச் சேவை எண் 116117. அதற்குப் போன் பண்ணினால் நாலு வாரத்துக்குள் ஒரு நேரம் பிடித்துத் தர வேண்டும். யாரிடம், எந்தத் தெருவில் என்பது நம் கையில் இல்லை. சைக்கியாட்ரிஸ்டை, அதாவது மருந்து எழுதும் மனநல டாக்டரை, 116117 மூலம் பார்க்கத்தான் குடும்ப டாக்டரிடமிருந்து குறியீட்டு எண் போட்ட அவசரச் சீட்டு வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் சண்டை போடுகிறீர்கள்.

முதல் சந்திப்பு முடிந்ததும், உனக்கு என்ன சிகிச்சை வேண்டும் என்று எழுதி, பி.டி.வி. 11 என்று ஒரு தாள் கொடுப்பார்கள். பத்திரமாக வை. அதில் அவசரம் என்று குறித்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் இடம் தேடித் தரும் கடமை அதே 116117க்கு உண்டு. சாதாரண வழி என்றால் முதலில் இரண்டிலிருந்து நாலு தடவை பேசிப் பார்ப்பது, ஒத்துவந்தால் 12 தடவை, தேவைப்பட்டால் இன்னும் 12. ஒரு தடவை 50 நிமிஷம். எல்லாம் அட்டையிலேயே.

இடமே கிடைக்கவில்லையா, ஒரு நோட்டில் எழுது: யாருக்கு எந்தத் தேதியில் போன் பண்ணினாய், என்ன பதில், எத்தனை மாதம் என்றார்கள். அந்தப் பட்டியலையும் பி.டி.வி. தாளையும் வைத்து, காப்பீட்டு ஒப்பந்தம் இல்லாத முறையான தெரபிஸ்டிடம் போகப் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் சிகிச்சையை ஆரம்பிக்க வேண்டும். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் எதிர்த்து எழுதலாம்.

ராணிப்பேட்டை சுதா:
அந்த இருபத்து மூன்று பேரையும் நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன் அக்கா. வீடு மாறும்போது குப்பையில் போட்டேன்.

குடியாத்தம் தறி:
என் ஜெர்மன் ரொம்ப மோசம். இங்கிலீஷில் பேசுகிற டாக்டர் கிடைப்பாரா?

பாகாயம் சிஸ்டர்:
116117 தளத்தில் டாக்டர் தேடும் இடத்தில் மொழி போட்டு வடிகட்டலாம். துபாஷிக்கு அரசுக் காப்பீடு பணம் கட்டாது, அதனால் யாராவது கூட வந்தால் நல்லது. போனில் "இஷ் ப்ராவுஹ அய்னன் டெர்மின்" (எனக்கு ஒரு டெர்மின் வேண்டும்) என்று ஆரம்பி, பாதியிலேயே அவர்கள் இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்கள். காலை எட்டு மணிக்குக் கூப்பிடு, பத்துக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.

குடியாத்தம் தறி:
மூன்று இடத்தில் புதிய நோயாளிகளை எடுப்பதில்லை என்றார்கள். நாலாவது இடத்தில் வரும் வியாழக்கிழமை 8.40. எஸ்லிங்கன் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும், வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். தாளில் எழுத உட்கார்ந்தேன், மூன்று வரிதான் வந்தது.

ஆம்பூர் தோல்ஷாப்:
எஸ்லிங்கனா! நான் ப்ளோகிங்கனில் இருக்கிறேன் தம்பி, ரயிலில் கொஞ்ச நேரம்தான். எட்டேகாலுக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன், பச்சை ஜாக்கெட். மூன்று வரி போதும், மிச்சத்தை நான் ஜெர்மனில் சொல்கிறேன். ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட இட்லி கட்டி எடுத்து வருகிறேன். அட்டையை மறந்துவிடாதே.